நித்யா மேரி கடைசியாகப் பொருத்திய லென்ஸ்

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் பங்குத்தந்தை அவர்களே! மேடையில் என் பக்கத்தில் வாடிய முகத்தோடு அமர்ந்திருக்கும் எங்கள் சங்கச் செயலாளர், குறிஞ்சிப்பாடி சாமிக்கண்ணு அவர்களே! மனைவியைப் பறிகொடுத்துவிட்டு முன்வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கும் தம்பி யாகப்பன் அவர்களே! பெற்ற மகளை மண்ணுக்குக் கொடுத்த தாய் ஆரோக்கியம்மாள் அவர்களே! செம்மண்டலத்திலிருந்தும் சிதம்பரத்திலிருந்தும் கீரப்பாளையத்திலிருந்தும் பஸ் ஏறி வந்து, புயல் பிய்த்துப்போட்ட இந்த மண்டபத்தில் தார்ப்பாய்க்குக் கீழே கூடியிருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே! உங்கள் எல்லாருக்கும் சபாபதியின் வணக்கம்.

சிதம்பரம் மேலவீதியில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவன் நான். கண்ணாடிக் கடைக்காரர்கள் சங்கத்துக்குத் தலைவர் என்று என்னை உட்கார வைத்திருக்கிறார்கள். அந்த முறையில்தான் இந்த மைக் என் கைக்கு வந்திருக்கிறது. மேடை ஏறும்போதே செயலாளர் என் காதில் சொன்னார்: "தலைவரே, நல்லதா நாலு வார்த்த பேசிட்டு எறங்கிடுங்க. ஒங்களுக்கு பிரஷர் இருக்கு."

நல்லதாக நாலு வார்த்தை! கண்பரிசோதகர் நித்யா மேரியைப் பற்றி நல்லதைத் தவிர வேறு எதைச் சொல்ல முடியும்? ஆனால் நாலு வார்த்தை பேசிவிட்டு, மாலை போட்ட படத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, டீ குடித்துவிட்டுக் கலைந்து போகிற நிலைமையிலா நாம் இருக்கிறோம்? இல்லை ஐயா, இல்லை! அந்தப் பெண் ஒரு வேலையைப் பாதியில் விட்டுவிட்டுப் போயிருக்கிறாள். அந்த வேலைக்கு உரிய அம்மா அதோ, பெண்கள் பக்கத்தில், மூன்றாவது வரிசையில், ஊதாச் சேலை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அதை முடித்துக் கொடுக்க எனக்குத் தெரியாது. சாமிக்கண்ணுவுக்குத் தெரியாது. எங்கள் சங்கத்தில் ஒருவருக்கும் தெரியாது. நான் என்ன செய்வேன்? இந்தக் கேள்வியோடுதான் ஒரு மாதமாக நான் தூங்கி எழுந்திருக்கிறேன்.

மேடையில் 'அவர்' என்றுதான் சொல்ல வேண்டும். தெரியும். ஆனால் என்னை மாமா என்று கூப்பிட்ட பெண்ணை அவர், இவர் என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. அவள் என்றே சொல்கிறேன். பங்குத்தந்தை பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாயிரத்து ஐந்தில், கடல் பொங்கி வந்துபோன அடுத்த வருஷம், நித்யா மேரியும் யாகப்பனும் செம்மண்டலத்தில் கடை திறந்தார்கள். முன்பக்கம் யாகப்பன் ஃபிரேம் மாட்டுவார், கண்ணாடி வெட்டுவார். பின்பக்கம் தடுப்புக்கு அந்தப்புறம் நித்யா மேரி கண் பார்ப்பாள். ஒரு சனி விட்டு ஒரு சனி சிதம்பரத்தில் என் கடைக்கும் வருவாள். பஸ்ஸை விட்டு இறங்கும்போதே கையில் ஒரு பெட்டி இருக்கும். மல்டிஃபோக்கல் கான்டாக்ட் லென்ஸ், அதாவது தூரமும் கிட்டமும் இரண்டும் தெரிகிற லென்ஸ். போட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதற்கான மாதிரி லென்ஸ் பெட்டி அது. கம்பெனிக்காரன் ஒரு மாவட்டத்துக்கு ஒரு பெட்டிதான் கொடுப்பான். எங்கள் மாவட்டத்துப் பெட்டி அவளிடம் இருந்தது.

அது என்ன அப்படிப்பட்ட லென்ஸ் என்று உங்களில் பலர் யோசிக்கலாம். சொல்கிறேன். நாற்பது வயது தாண்டினால் எல்லாருக்கும் வெள்ளெழுத்து வந்துவிடுகிறது. பேப்பரைத் தள்ளிப் பிடிக்கிறோம், ஊசி கோர்க்கப் பேரப்பிள்ளையைக் கூப்பிடுகிறோம். ஏற்கெனவே தூரம் தெரியாமல் கண்ணாடி போட்டவர்களுக்கு இரட்டைத் தொல்லை. மூக்குக்கண்ணாடி என்றால் மேலே தூரத்துக்கு, கீழே படிக்க என்று நாங்கள் பிரித்துக் கொடுத்துவிடுவோம். ஆனால் கண்ணோடு ஒட்டி உட்காருகிற லென்ஸில் மேலே ஏது, கீழே ஏது? கண் திரும்பினால் அதுவும் கூடவே திரும்பிவிடுமே! அதனால் அதை வளையம் வளையமாகச் செய்கிறார்கள். வெங்காயத்தைக் குறுக்கே நறுக்கினால் தெரியுமே, அந்த மாதிரி. அவள் பெட்டியில் இருந்தவற்றில் நடுவில் கிட்டத்துக்கான பவர், சுற்றிலும் தூரத்துக்கான பவர். இரண்டும் ஒரே நேரத்தில் கண்ணுக்குள் போகும். எது வேண்டுமோ அதை மூளை பொறுக்கி எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்கு மூளை பழக வேண்டும். ஒரு வாரம் ஆகும், இரண்டு வாரமும் ஆகும்.

கேட்பதற்கு எளிதாக இருக்கிறதா? பொருத்திப் பாருங்கள், அப்போது தெரியும்! மூக்குக்கண்ணாடியின் பவரை அப்படியே எழுதிவிட்டால் தப்பு. கண்ணை ஒட்டி உட்காருவதால், தூரம் தெரியாதவர்களுக்குப் பெரிய பவரைக் கொஞ்சம் குறைக்க வேண்டும். இரண்டு கண்ணில் எந்தக் கண் முன்னால் நின்று பார்க்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். நித்யா மேரி இரண்டு கையையும் சேர்த்து நடுவில் ஓர் ஓட்டை விடச் சொல்லி, எதிர்ச் சுவர்க் கடிகாரத்தை அதன் வழியாகப் பார்க்கச் சொல்வாள். எந்தக் கண்ணுக்கு நேராக அந்த ஓட்டை நிற்கிறதோ, அதுதான் தலைமைக் கண். அந்தக் கண்ணுக்குத் தூரம் நன்றாகத் தெரிகிற மாதிரி ஒரு லென்ஸ். அடுத்த கண்ணுக்குக் கிட்டம் நன்றாகத் தெரிகிற மாதிரி இன்னொன்று. இரண்டும் கூட்டாளிகள். ஒன்று விட்டதை மற்றது பிடித்துக்கொள்ளும்.

லென்ஸை வைத்தவுடனே பவர் பார்க்க மாட்டாள். "டீக்கடையில போயி குந்திட்டு வாங்க. லென்ஸு கண்ணுல படியட்டும்" என்று அனுப்பிவிடுவாள். திரும்பி வந்ததும் விளக்குக் கருவியில் பார்ப்பாள். கண் சிமிட்டும்போது லென்ஸ் கொஞ்சமாக அசைகிறதா, நடுவில் நிற்கிறதா, ஒரு பக்கம் சரிகிறதா? நடுவில் நிற்காவிட்டால் வளையமெல்லாம் வீண். அதற்கு அப்புறமும் இருட்டறையில் எழுத்துப் பலகையைக் காட்டுகிற வழக்கம் அவளிடம் இல்லை. கடை வாசலுக்கே கூட்டிக்கொண்டு போய்விடுவாள். செம்மண்டலம் நிறுத்தத்துக்கு வருகிற பஸ்ஸின் போர்டைப் படிக்க வேண்டும். அது தூரம். எதிரே ஃபிரேம் மாட்டிக்கொண்டிருக்கிற யாகப்பன் சட்டையில் பட்டன் எத்தனை என்று சொல்ல வேண்டும். அது நடுத்தூரம். அப்புறம் ஒரு தட்டில் அரிசியைப் போட்டுக் கல் பொறுக்கச் சொல்வாள். அது கிட்டம். "மாமா, ஜனங்க பலகையப் பாத்துகிட்டா பொழப்ப ஓட்டறாங்க? பஸ்ஸயும் அரிசியயும் பாத்துதான ஓட்டறாங்க?" என்று என்னைக் கேட்பாள்.

இதையெல்லாம் விட முக்கியமாக ஒரு சட்டம் வைத்திருந்தாள். அந்த லென்ஸ் போட்டவர் ஒரு கண்ணை மூடிப் பார்க்கவே கூடாது. பரிசோதனை செய்கிறவரும் மூடக் கூடாது. எங்கள் தொழிலிலோ, வந்தவரை உட்கார வைத்ததும் முதல் வார்த்தையே "ஒரு கண்ண மூடுங்க" என்பதுதான். கரண்டி மாதிரி ஒரு மூடி எங்கள் கையில் எப்போதும் இருக்கும். இந்த லென்ஸிலோ இரண்டு கண்ணும் கூட்டு. ஒன்றை மூடினால் இன்னொன்றில் அரைகுறையாகத்தான் தெரியும். தெரிய வேண்டும். அப்படித்தான் பொருத்தியிருக்கிறது.

அதோ கடைசி வரிசையில் கபடி நடுவர் சிங்காரம் உட்கார்ந்திருக்கிறார். அவரே இதற்குச் சாட்சி. பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார். கோட்டில் காலை வைத்தானா இல்லையா என்று தூரத்திலிருந்து பார்க்க வேண்டும், பார்த்ததைக் கையில் இருக்கிற அட்டையில் புள்ளியாக எழுத வேண்டும். கண்ணாடியோ, இரண்டு பையன்கள் மேலே வந்து விழுந்தால் நொறுங்கிப் போகும். நித்யா மேரி அவருக்கு லென்ஸ் வைத்து, சட்டத்தையும் சொல்லி அனுப்பினாள். மனுஷன் கேட்டாரா? ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே ஒரு கண்ணை உள்ளங்கையால் பொத்திப் பார்த்திருக்கிறார். அட்டையில் எழுத்து கலங்கலாகத் தெரிந்திருக்கிறது. அவ்வளவுதான். விசிலை ஊதி ஆட்டத்தை நிறுத்திவிட்டு, கழுத்தில் விசில் தொங்க, மொபெட்டை முறுக்கிக்கொண்டு செம்மண்டலத்துக்கு வந்துவிட்டார்!

"ஏம்மா நித்யா, ஒரு கண்ணு அவிஞ்சி பூட்ச்சிம்மா!"

"எப்பிடிண்ணே கண்டுபுடிச்சீங்க?"

"மூடிப் பாத்தேன்."

"எதுக்கு மூடுனீங்க? நீங்க ஒத்தக் கண்ணாலயா அவுட்டு குடுப்பீங்க? கைய எடுங்க. இப்ப இந்த அட்டயப் படிங்க."

படித்தார். நன்றாகவே படித்தார். "ஆட்டத்த நிறுத்திட்டு வந்துட்டனேம்மா" என்று அசடு வழிந்தார். "போங்க, அங்க ரெண்டு கட்சிக்காரனும் ஒங்களத்தான் தேடிகிட்டு இருப்பான்" என்று சிரித்தபடியே அவள் விரட்டிவிட்டாள். சிரிக்காதீர்கள் சிங்காரம். அன்றைக்குச் சிரித்தோம். இன்றைக்கு நீங்கள் அப்படி ஓடி வந்தால் கையை எடுக்கச் சொல்ல அங்கே யார் இருக்கிறார்கள்?

வேண்டாம் என்று சொல்லவும் அவளுக்குத் தெரியும். என் கடைக்கு வந்த லாரி டிரைவர் ஒருவர், லென்ஸ்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். நானாக இருந்தால் கொடுத்துவிட்டிருப்பேன். அவள் அவரை உட்கார வைத்து, "ராத்திரியில எதுத்தாப்புல லைட்டு போட்டுகிட்டு வண்டி வந்தா ஒங்களுக்கு வட்டம் வட்டமா தெரியும்ண்ணே. ஒங்க வேலைக்கு இது ஆவாது. நல்ல கண்ணாடி போட்டுக்குங்க" என்று சொல்லி அனுப்பினாள். அந்த டிரைவர் அவளோடு சண்டை போட்டுவிட்டுப் போனார். அடக்கத்தன்று அவர் வந்திருந்தார். கல்லறை வாசலில் நின்று அழுதார்.

இப்போது மூன்றாவது வரிசைக்கு வருகிறேன். அந்த அம்மாவின் பெயர் தைலம்மாள். கீரப்பாளையத்துப் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிரசவ அறை நர்ஸ். கிட்டப்பார்வை ரொம்ப ஜாஸ்தி. சோடாப் புட்டிக் கண்ணாடி என்று ஊரில் கேலி பேசுவார்களே, அந்தக் கனம். பிரசவ அறையில் குனிந்து நின்றால் வேர்வையில் கண்ணாடி மூக்கிலிருந்து வழுக்கும். முகத்தில் துணி கட்டினால் மூச்சுப் பட்டு ஆவி படியும். கையிலோ உறை. ரத்தம் பட்ட கையால் கண்ணாடியைத் தொட முடியுமா? வெறும் தூரப்பார்வைக்கான லென்ஸ் போட்டுப் பார்த்தார். தூரம் தெரிந்தது. ஆனால் வயது நாற்பத்தைந்தைத் தாண்டியதால், தையல் போடக் குனிந்தால் நூலே தெரியவில்லை. அதற்கு மேல் ஒரு படிக்கிற கண்ணாடியா மாட்டிக்கொள்வது? மறுபடியும் அதே மூக்கு, அதே வேர்வை!

"ஒரு பொண்ணுக்கு தையல் போடறப்ப ஊசி எங்க போவுதுன்னே தெரியலம்மா. அந்தப் பொண்ணு வலியில என் கையப் புடிச்சிகிச்சி. இனிமே இந்த ரூமுக்கே வரமாட்டேன், ஆபீசு வேல குடுங்கன்னு எழுதிக் குடுத்துடலாம்னு இருக்கறேன்." இதைச் சொல்லிக்கொண்டுதான் தைலம்மாள் போன கார்த்திகையில் நித்யா மேரியிடம் வந்தார்.

"எழுதிக் குடுக்காதீங்கக்கா. ரெண்டு மாசம் எனக்குக் குடுங்க" என்றாள் அவள்.

கிறிஸ்துமஸுக்கு முந்திய வாரம் தைலம்மாளுக்கு முதல் ஜோடி வைத்தாள். ஒரு மாதத்துக்குப் போடக்கூடிய லென்ஸ். தூரம் அருமையாகத் தெரிந்தது. கிட்டம் முக்கால்வாசி வந்துவிட்டது. தையல் நூல் மட்டும் இன்னும் கொஞ்சம் மங்கல். டிசம்பர் இருபத்தொன்பதாம் தேதி, காற்று கிளம்பிவிட்ட சாயங்காலம், தைலம்மாள் போன் போட்டுச் சொல்லியிருக்கிறார். "புயல் போயிட்டதும் வாங்கக்கா. எடது கண்ணுக்கு மட்டும் ஒரு லென்ச மாத்துனா போதும். எதுன்னு பாத்து வெச்சிட்டேன்" என்று இவள் பதில் சொல்லியிருக்கிறாள். எது என்று பார்த்து வைத்துவிட்டாளாம்! எது? அந்த ஒரு வார்த்தையை யாரிடமாவது சொல்லிவிட்டுப் போயிருக்கக் கூடாதா?

மறுநாள் விடியற்காலை நமக்கு நடந்ததை நான் சொல்ல வேண்டியதில்லை. பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்து கிடக்கிற ஊரில் நின்றுகொண்டு புயலைப் பற்றி நான் யாருக்குச் சொல்வது? காற்று கொஞ்சம் ஓய்ந்ததும் நித்யா மேரி கடைக்கு ஓடினாள். கூரைத் தகடு பறந்துவிட்டிருந்தது. கடைக்குள்ளே தண்ணீர் ஓடியது. லென்ஸ் பெட்டி மிதந்துகொண்டிருந்தது. யாகப்பன் பின்னாலேயே ஓடிப்போய், "வந்துடு நித்யா, செவுரு ஊறிப் போயி நிக்குது" என்று கத்தியிருக்கிறார். "இது போனா வேற வராதுங்க" என்று சொல்லிக்கொண்டே பெட்டியை எடுத்து யாகப்பன் கையில் கொடுத்திருக்கிறாள். கொடுத்துவிட்டுத் திரும்பி, கண் பார்க்கிற கருவி மேல் ஒரு பாலிதீனைப் போர்த்தப் போயிருக்கிறாள். பக்கத்துச் சுவர் சாய்ந்தது.

ஏனம்மா போனாய்? அந்தக் கருவி உன்னைவிடப் பெரிதா? பெட்டி கைக்கு வந்ததும் வெளியே வந்திருக்கக் கூடாதா? யாரைக் கேட்பேன் நான்? இங்கே படமாக இருக்கிறவளைக் கேட்டால் சிரித்துக்கொண்டே இருக்கிறாள்! எனக்குக் கோபம் வருகிறது பங்குத்தந்தை அவர்களே. ஜெபத்தில் மனம் நிற்கவில்லை. ஆண்டவர் மேலும் கோபம் வருகிறது, காற்றின் மேலும் கோபம் வருகிறது, அவள் மேலும் கோபம் வருகிறது.

பெட்டி மட்டும் பிழைத்துக்கொண்டது. அதற்கு அப்புறம் நடந்ததையும் சொல்ல வேண்டும். பொங்கல் கழிந்த வாரம், நானும் சாமிக்கண்ணுவும் கடலூர் முதுநகர் அன்பரசுவும் யாகப்பன் வீட்டுக்குப் போனோம். மூன்று பேரும் தொழிலில் தலை நரைத்தவர்கள். மூன்று பேர் சேர்ந்தால் ஒரு லென்ஸை மாற்ற முடியாதா என்று ஒரு திமிர். தைலம்மாளை வரச் சொன்னோம். வந்தார். கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். இடது கண்ணுக்கு ஒரு லென்ஸை மாற்றினோம். கண்ணில் படியட்டும் என்று காத்திருந்தோமா? இல்லை. உட்கார வைத்த கையோடு சாமிக்கண்ணு சொன்னார்...

என்ன சொன்னீர் சாமிக்கண்ணு? நீரே சொல்லும். சொல்ல மாட்டார். நான் சொல்கிறேன். "ஒரு கண்ண மூடுங்கம்மா" என்றார்! நான் தடுத்தேனா? என் கையில்தான் மூடி இருந்தது! முப்பது வருஷமாக வாய் பழகிய வார்த்தை, கை பழகிய வேலை. வலது கண்ணால் தையல் நூல் தெரிகிறதா என்று பார்த்தோம். தெரியவில்லை. தெரியக் கூடாது, அது தூரத்துக்கான கண். எங்களுக்கோ பதற்றம். வலது கண்ணுக்குப் பவர் ஏற்றினோம். பிறகு இடது கண்ணை மட்டும் திறந்து தெருவைப் பார்க்கச் சொன்னோம். தெரு மங்கல். இடது கண்ணை மாற்றினோம். மறுபடி வலது. மறுபடி இடது. அன்பரசு ஒரு யோசனை, நான் ஒரு யோசனை. கடைசியில் அந்த அம்மா எழுந்து வாசல்படி இறங்கும்போது, இரண்டு படியை ஒரு படி என்று நினைத்துத் தடுமாறி யாகப்பன் மேல் சாய்ந்தார். நாங்கள் போட்டதையெல்லாம் கழற்றி, நித்யா மேரி வைத்த பழைய ஜோடியையே திரும்பப் போட்டுக்கொண்டு கீரப்பாளையம் பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார்.

புதுச்சேரிக்குப் போகட்டுமே, சென்னைக்குப் போகட்டுமே என்று சிலர் சொல்கிறீர்கள். போகலாம். ஒரு தடவை போகலாம். இது ஒரு தடவையில் முடிகிற காரியமா? போட்டுப் பார்த்து, வீட்டுக்குப் போய்ப் பழகி, திரும்ப வந்து கால் பவர் மாற்றி, மறுபடி போய்ப் பழகி, மறுபடி வர வேண்டும். புயல் அடித்த ஊரில் லீவு கேட்டால் எந்த நர்சுக்குக் கொடுப்பார்கள்? நித்யா மேரி அந்த அம்மாவின் டியூட்டிக்குத் தோதாகத் தன் நேரத்தை மாற்றிக்கொண்டாள். வேறு யார் மாற்றிக்கொள்வார்கள்?

யாகப்பன் நேற்று என்னிடம் சொன்னார்: "மாமா, அந்தப் பெட்டிய எடுத்துகிட்டுப் போயிடுங்க. வூட்டுல வெச்சிக்க முடியல. இல்லன்னா கம்பெனிக்காரன்கிட்ட குடுத்துடறேன், அவன் கேட்டுகிட்டுதான் இருக்கறான். பொருத்தத் தெரிஞ்ச ஆளு இல்லாத ஊர்ல எதுக்கு பெட்டிங்கறான்." அவன் கேட்பதில் என்ன தப்பு? நானே எடுத்துப்போய் என்ன செய்வேன் என்று சும்மா வந்துவிட்டேன்.

இன்று காலை வரைக்கும் இந்த நிலைமையில்தான் இருந்தேன். சங்கத்தின் தீர்மானம் என் பையில் தயாராக இருக்கிறது. 'அன்னாரின் பணியைத் தொடர்ந்து முன்னெடுத்துச் செல்வோம் என்று இக்கூட்டம் உறுதி ஏற்கிறது.' சாமிக்கண்ணு அழகாக எழுதியிருக்கிறார். இதைப் படித்துவிட்டு உட்கார்ந்துவிடலாம் என்றுதான் வந்தேன்.

ஆனால் மண்டப வாசலில் தைலம்மாளைப் பார்த்தேன். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தார். அழுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். கிட்டே வந்து கும்பிட்டபோது பார்த்தேன். இடது கண் சிவந்திருக்கிறது. வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் கூசுகிறது.

"என்னாம்மா, இன்னுமா அந்த லென்சு?" என்று கேட்டேன்.

"ஆமாங்க."

"ஒரு மாசத்துல தூக்கிப் போடச் சொல்லல?"

"சொல்லிச்சி. அத தூக்கிப் போட்டுட்டா, வேற யாரு எனக்கு மாட்டி வுடுவாங்க? நீங்கதான் பாத்தீங்களே அன்னிக்கி. முக்காவாசியாவது தெரியுது, இதயும் வுட்டுட்டா அந்த ரூமுக்குள்ள நான் எப்பிடிங்க போவேன்? அதுவும் இல்லாம..." என்று நிறுத்திக்கொண்டார். பிறகு சொன்னார்: "அந்தப் பொண்ணு என்னாலதான பெட்டிய எடுக்கப் போச்சி. அது கையால வெச்சது. கழட்ட மனசு வரலிங்க."

கேட்டீர்களா? தாய்மார்களே, கேட்டீர்களா? ஒரு மாத லென்ஸை மாதம் தாண்டியும் போட்டுக்கொண்டிருக்கிறார்! வாசலிலேயே கழற்றச் சொன்னேன், கேட்கவில்லை. சிவந்த கண்ணில் லென்ஸ் இருந்தால் என்ன ஆகும் தெரியுமா? கருவிழியில் புண் வரும். புண் ஆழமாகப் போனால் பார்வை போகும். எத்தனை குழந்தைகளை முதலில் பார்த்த கண் அது! எங்களிடம் ஆள் இல்லை என்பதற்காக அந்தக் கண்ணை நாம் பறிகொடுப்பதா? ஒரு சாவு போதாதா நமக்கு?

தைலம்மாள் சகோதரி, இத்தனை பேர் முன்னால் சொல்கிறேன், கேளுங்கள். அவள் உங்களால் சாகவில்லை. இந்தப் பழியை நீங்கள் சுமக்கக் கூடாது. சுவர் ஊறியிருந்தது, விழுந்தது. பெட்டியை எடுத்தது அவள் வேலை. நீங்கள் இல்லாவிட்டாலும் அவள் போய் எடுத்திருப்பாள். அவள் உயிரோடு இருந்து இந்தக் கண்ணைப் பார்த்திருந்தால் உங்களை என்ன திட்டுத் திட்டியிருப்பாள் என்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும்.

யாகப்பா, அந்தப் பெட்டியைக் கம்பெனிக்காரனிடம் கொடுக்காதே. எனக்குக் கொடு. நித்யா மேரியோடு படித்த மாலதி என்கிற பெண் சென்னையில் இதே லென்ஸ் பொருத்துகிறாள். மேடை ஏறுவதற்கு முன்னால் அவளிடம் போனில் பேசிவிட்டேன். திங்கட்கிழமை என் கடையைப் பூட்டிவிட்டு அவளிடம் போய் உட்காரப் போகிறேன். கற்றுக்கொள்ள எத்தனை நாளானாலும் உட்காருவேன். இந்த வயதில் வருமா என்று சாமிக்கண்ணு கேட்கிறார். எனக்கே தெரியாது. வராமலும் போகலாம். இப்போதே அந்தப் பயம்தான். என் கை, நித்யா மேரியின் கை ஆகாது. அவள் மூன்று முறையில் முடித்ததை நான் முப்பது முறையில் முடிப்பேன். அப்போதும் முடியாவிட்டால் அந்த மாலதியைக் காலில் விழுந்தாவது இங்கே கூட்டிக்கொண்டு வருவேன். இதுதான் என் உறுதிமொழி. பையில் இருக்கிற தீர்மானம் பையிலேயே இருக்கட்டும்.

ஆனால் ஆரோக்கியமான கண் இருந்தால்தானே லென்ஸ் வைக்க? ஆகையால் கழற்றுங்கள் அம்மா. இப்போதே, இங்கேயே கழற்றுங்கள். உங்கள் பழைய கண்ணாடி பையில் இருக்கிறது, நான் பார்த்தேன். அதைப் போட்டுக்கொள்ளுங்கள். கண் டாக்டரிடம் இந்த நிமிஷமே ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போகிறேன். கண் ஆறுகிற வரைக்கும் தையல் வேலையை வேறு யாராவது பார்க்கட்டும், உங்கள் சுகாதார நிலையத்து டாக்டரிடம் நானே வந்து பேசுகிறேன். கழற்றினால் அவளை விட்டுவிட்டதாக ஆகாது. திரும்ப வைப்பதற்கு நான் இருக்கிறேன். சபாபதி இருக்கிறேன். அரைகுறையாகத்தான் இருக்கிறேன், ஆனால் இருக்கிறேன்.

நன்றி கூறி அமர்கிறேன் என்று என்னால் சொல்ல முடியாது. பங்குத்தந்தை அவர்களே, மௌன அஞ்சலியை நீங்கள் நடத்தி முடித்துவிடுங்கள், எனக்கு நேரமில்லை. சாமிக்கண்ணு, வாசலில் ஓர் ஆட்டோவை நிறுத்தும். அங்கே இருக்கிற பிள்ளைகளே, யாராவது ஒரு குடம் நல்ல தண்ணீரும் சோப்பும் சுத்தமான துண்டும் கொண்டுவாருங்கள். அந்த அம்மா கை கழுவ எழுந்துவிட்டார்.